ராத்திரி இரண்டு மணிக் கணக்கும் தங்கச்சியின் பங்கும்

கேள்வி இது: "நல்ல வேலை இருக்கிறது. சொந்த வீடு, கொஞ்சம் நகை, வங்கியில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன், வயதான காலம் என்று மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. தெரிந்தவர் யாராவது மனை வாங்கினார் என்று கேட்டால் வயிறு எரிகிறது. ஜெபித்தும் போகவில்லை. என் விசுவாசம் குறைவா? இதற்கிடையில் அப்பா விட்டுப்போன சொத்தில் தங்கச்சி பங்கு கேட்கிறாள், அது வேறு தலைவலி."

கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இயேசு பொருளாசையைப் பற்றிப் பேசத் தொடங்குவதே அப்படி ஒரு வரியில்தான். கூட்டத்திலிருந்து ஒருவன், "போதகரே, ஆஸ்தியை என்னோடு பங்கிட வேண்டுமென்று என் சகோதரனுக்குச் சொல்லும்" என்கிறான். பங்கு பிரிக்கும் வேலையை இயேசு ஏற்கவில்லை. சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்து, "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்" என்று சொல்லி, ஐசுவரியவான் ஒருவனுடைய உவமையைச் சொல்கிறார். நிலம் நன்றாக விளைந்தபோது அந்தப் பணக்காரன் வாயிலிருந்து வரும் முதல் பேச்சைக் கவனியுங்கள்: "நான் என்ன செய்வேன்?" விளைச்சல் அமோகம், வைக்க இடமில்லை, அவனுக்குக் கவலை. வீட்டில் அரிசி இல்லாதவன் கேட்கிற அதே கேள்வியைத்தான் அவனும் கேட்கிறான்.

களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத் திட்டமிடுகிறான், அன்று ராத்திரியே அவன் உயிர் போகும் என்று தேவன் சொல்கிறார். உவமை அங்கே முடிந்ததும் இயேசு சீஷர்களிடம் திரும்பி, "இப்படியிருக்கிறபடியால்" என்று தொடங்கி, என்னத்தை உண்போம் என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள் என்கிறார். அந்த ஒரு சொல்லை நாம் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பொருளாசை பணக்காரனுடைய பாவம், கவலை ஏழையின் பலவீனம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். என் ஜீவன் என் கையிலுள்ள பொருளால் நிற்கிறது என்ற ஒரே நம்பிக்கையிலிருந்துதான் இரண்டும் முளைக்கின்றன.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த துறவி எவாகிரியுஸ் இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தவர். மனிதனைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களில் பண ஆசையும் ஒன்று என்று வைத்து, அது காதில் என்ன ஓதும் என்றும் எழுதினார்: முதுமை நீண்டு போகும், கை உழைக்க முடியாமல் போகும், பஞ்சம் வரும், நோய் வரும், வறுமை கசக்கும், பிறரிடம் வாங்கிப் பிழைப்பது வெட்கம். இந்தப் பட்டியலில் மாளிகையோ பட்டாடையோ இல்லை. எல்லாமே பயம். உங்களுடைய இரண்டு மணிக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எனக்கு ஆசை கிடையாது, குடும்பத்தைப் பற்றிய கவலைதான்" என்று நம்மில் பலர் மனதார நம்புவதற்குக் காரணம் இதுதான். ஆசை கவலையின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

இனி "ஜெபித்தும் போகவில்லை" என்பதற்கு வருகிறேன். அநேகமாக நீங்கள் ஜெபிப்பது, "ஆண்டவரே, இந்த எண்ணத்தை எடுத்துப்போடும்" என்பதாக இருக்கும். மனசு மாறட்டும், பிறகு கை தானாகத் திறக்கும் என்று காத்திருக்கிறோம். ஆனால் "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்ற வசனத்தின் வரிசை வேறு. பொக்கிஷம் முதலில் இடம் மாறுகிறது, இருதயம் அதன் பின்னால் போகிறது. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கிய மறுநாளே அதன் விலையைப் பார்க்கத் தொடங்குகிறோம் அல்லவா, முந்தின நாள் வரை அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஒரு ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினால், அந்தப் பிள்ளையின் தேர்வு முடிவு நாள் தானாக ஞாபகத்தில் நிற்கும். அதனால் இந்த வியாதிக்கு வைத்தியம் கையிலிருந்து தொடங்குகிறது. ஜெபம் அந்தக் கைக்குத் தைரியம் தருகிறது.

முதலில் ராத்திரிக் கவலைக்கு ஒரு வழி செய்வோம், ஏனென்றால் தூங்காதவனால் வேறு எதையும் செய்ய முடியாது. கவலை வேறு, பொறுப்பு வேறு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் இயேசுதான். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆகவே ஆயுள் காப்பீடு எடுப்பதும், மருத்துவச் செலவுக்கு ஒதுக்குவதும் அவிசுவாசம் ஆகாது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பொறுப்பு ஒரு தேதியிலும் ஒரு தொகையிலும் போய் முடியும். கவலை தொடங்கின இடத்துக்கே திரும்பி வரும். லூக்கா 12:29-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "சந்தேகப்படாமலும்" என்று தருகிற கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் அந்தரத்தில் தூக்கி நிறுத்தப்படுவது. காலுக்குக் கீழே தரை இல்லாமல் தொங்குகிற அந்த நிலைதான் இரண்டு மணி.

செய்ய வேண்டியது: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை என்று வையுங்கள், அரை மணி நேரம் மட்டும் பணக் கணக்குக்கு. மனைவியோ கணவரோ பக்கத்தில் உட்கார வேண்டும். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், இந்த வாரம் என் கையால் ஆகக்கூடியது: எந்தத் தேதிக்குள், எவ்வளவு, யாரிடம். வலது பக்கம், என் கையில் இல்லாதது: கடன் வட்டி ஏறுவது, கம்பெனி ஆட்களைக் குறைப்பது, பத்து வருஷம் கழித்து வரக்கூடிய வியாதி. அரை மணி முடிந்ததும் நோட்டை மூடி, வலது பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் பெயர் சொல்லி, தொகை சொல்லி ஜெபியுங்கள். "எங்கள் தேவைகளைச் சந்தியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனசு அதை ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. "ஜூன் 5-ஆம் தேதிக்குள் பள்ளிக்கூடத்துக்கு 38,000 ரூபாய் வேண்டும், கையில் 20,000 இருக்கிறது" என்று சொல்லுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்தச் சொல்கிறது. ஆகவே போன வாரப் பக்கத்தைத் திருப்பி, அதில் எது தீர்ந்துபோயிற்று என்று பார்த்து, அதன் மேல் ஒரு கோடு அடித்து நன்றி சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில், பயந்ததில் எவ்வளவு நடக்கவே இல்லை என்பதை அந்த நோட்டே காட்டும்.

ராத்திரி முழிப்பு வந்தால் கணக்கைத் தொடராதீர்கள். "இது சனிக்கிழமைக்கு" என்று ஒரு சொல் எழுதி வைத்துவிட்டு, பரமண்டல ஜெபத்தின் ஒரே வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." அதில் "இன்று" என்று இருக்கிறது, "எங்களுக்கு" என்றும் இருக்கிறது. ஆகூர் சொன்ன ஜெபம் நீதிமொழிகள் 30-இல் இருக்கிறது: தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்." படி என்பது அளக்கிற பாத்திரம். வனாந்தரத்தில் மன்னாவும் அப்படித்தான் கிடைத்தது, தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். நாளைக்கென்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. ஆனால் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான், அது கெடவில்லை. சேமிப்பே தப்பு என்று சொல்கிறவர்கள் ஆறாம் நாளை மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைவு வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பதற்றம் ஒரு நோயாகவும் வரும். அதற்கு மருந்து எடுப்பவரை விசுவாசக் குறைவு என்று சொல்வது கொடுமை.

அடுத்தது, "போதும்" என்பதற்கு ஒரு எண் வேண்டும். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று நாம் எல்லோரும் சொல்வோம், ஆனால் எவ்வளவு போதும் என்று கேட்டால் பதில் இருக்காது. எண் இல்லாத "போதும்" ஒவ்வொரு சம்பள உயர்விலும் நகர்ந்துகொண்டே போகும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தொடக்க கால மெதடிஸ்டுகளில் ஒருவருடைய கணக்கை, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்குதான் என்பது பொதுவான கருத்து. முதல் வருஷம் 30 பவுண்டு வருமானம், 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60, அப்போதும் 28-இல் வாழ்ந்தார், 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, கொடுத்தது 62. பிறகு 120, கொடுத்தது 92. வருமானம் நாலு மடங்கு ஏறியது. வாழ்க்கைச் செலவு இருந்த இடத்திலேயே நின்றது.

நமக்குக் குடும்பம் உண்டு, விலைவாசி உண்டு, அதே கணக்கு அப்படியே வராது. ஆனால் முறை வரும். கடந்த மூன்று மாதம் உண்மையில் செலவான தொகையை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துச் சராசரி போடுங்கள், நினைவிலிருந்து போடாதீர்கள். 41,000 வருகிறது என்று வைப்போம், கடன் தவணையும் சேர்த்து. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பள்ளிக் கட்டணம், காப்பீடு, கிறிஸ்மஸ் துணிமணி, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் 72,000 என்றால் மாதத்துக்கு 6,000. மொத்தம் 47,000. இதுதான் உங்கள் படி. வீட்டு வருமானம் 60,000 என்றால் மீதி 13,000. அதில் 6,000 கொடுப்பதற்கு, 7,000 சேமிப்புக்கு என்று இப்போதே எழுதுங்கள். அடுத்த ஆண்டு 6,000 ரூபாய் சம்பளம் ஏறினால், விலைவாசிக்காகப் படியை 2,500 உயர்த்துங்கள். மிச்சம் 3,500-ஐ இரண்டுக்கும் பாதிப் பாதி. இந்த முடிவைச் சம்பளம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பணம் கையில் வந்த பிறகு எடுக்கிற முடிவில் ஆசைக்கும் ஒரு ஓட்டு இருக்கும்.

களஞ்சியத்துக்கும் அளவு உண்டு. ஆபத்துக் காலத்துக்கு ஆறு மாதச் செலவு, மேலே சொன்ன கணக்கில் 2,82,000 ரூபாய். அது நிறைந்ததும் அந்தப் பாத்திரத்தை மூடிவிடுங்கள். அதற்கு மேல் சேர்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயரும் ஒரு தொகையும் இருக்கட்டும்: மகளின் படிப்பு இவ்வளவு, ஓய்வுக்காலம் இவ்வளவு. எகிப்தில் யோசேப்பும் களஞ்சியம் கட்டினான். ஐந்தில் ஒரு பங்கு, ஏழு வருஷம், வரப்போகிற பஞ்சத்துக்காக, ஜனங்களுக்காக. உவமையில் வரும் பணக்காரனோ எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று எதையும் சொல்லவில்லை. என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறான். அவன் பேச்சில் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கூலியாள் இல்லை, பக்கத்து வீடு இல்லை. "உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்படும்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது, கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் சொல். அவன் தன்னுடையது என்று நினைத்திருந்த உயிரே கைமாற்றாக வாங்கியது.

கொடுப்பதைப் பற்றி எழுதினால் நிறுத்த மனம் வராது, ஏனென்றால் நோய் நேரடியாக இறங்குவது இங்கேதான். சம்பளம் வந்த அன்றே, செலவு தொடங்குமுன் கொடுங்கள். கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. சபைக்குப் போவது போகட்டும், அதோடு ஒரு பங்கு முகம் தெரிந்த ஒரு மனிதருக்குப் போக வேண்டும், அவர் திருப்பிச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். பெயர் எழுதின டியூப்லைட்டும் மின்விசிறியும் கோயிலுக்கு வாங்கிக்கொடுப்பது இந்த வியாதிக்கு மருந்தாகாது. மிசோரம் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள், அது சேர்ந்து ஊழியத்துக்குப் போகும். அதில் பெரிய தொகை எதுவும் இல்லை. ஆனால் சோறு பொங்கும்போதெல்லாம் கை ஒருமுறை திறந்து பழகுகிறது.

பிறகு பீரோவைத் திறங்கள். "பூச்சியும் துருவும் கெடுக்கும்" என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஐந்து வருஷமாக ஒரே மடிப்பில் இருக்கும் பட்டுப்புடவையை விரித்தால், மடிப்பு விழுந்த கோட்டில் சரிகை முறிந்து, பட்டு இழை கண்ணாடித்தாள்போல் விட்டுக்கொடுக்கும். அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும், மடிப்பைத் தடுக்காது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அதாவது நீங்கள் உடுத்தாத ஒன்றுக்கு வருஷம் முழுவதும் வேலை செய்ய வேண்டும். "துரு" என்று வந்திருக்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் "தின்பது". அரிசி மூட்டையில் வண்டு செய்கிற வேலையும் அதுதான். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறையும் உடுத்தாததை எண்ணுங்கள். பாதியைக் கொடுங்கள். துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது ஒன்றாவது இருக்க வேண்டும். 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவில் பெரிய பசிலியார் இதே லூக்கா உவமையை வைத்துப் பிரசங்கித்தபோது, நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டிக்குள் இருக்கும் மேலாடை உடுப்பில்லாதவனுடையது, உன்னிடத்தில் மக்கிப்போகும் செருப்பு வெறுங்காலில் நடக்கிறவனுடையது என்ற பொருளில் சொன்னார். தர்மம் என்று நாம் நினைப்பதை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகப் பார்த்தார்.

இங்கே தப்பு நடக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது, மல்கியா 3:10-ஐக் காட்டி "விதைப்புக் காணிக்கை" கேட்பது, இதெல்லாம் பொருளாசைதான், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். கடன்காரன் வாசலில் நிற்கும்போது தசமபாகம் கட்டுவதும் சரியில்லை. "ஒருவனுக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள்" என்று ரோமர் 13:8 சொல்கிறது. கந்துவட்டியையும் கடன் அட்டை பாக்கியையும் முதலில் அடையுங்கள், அதுவரை கைப்பிடி அரிசி அளவுக்குக் கொடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கிவிட்டுக் கைவிரித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கண்டிக்கிறார். அம்மாவின் மாத்திரைக்குப் பணம் அனுப்பாமல் கோயில் கட்டட நிதிக்கு எழுதாதீர்கள். கொடுக்க முடியாத மாதத்தில் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா என்று சிலர் பயப்படுவார்கள். ஐசுவரியவானான வாலிபனிடம் இயேசு அப்படிக் கேட்டார். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு பாதியைக் கொடுத்தான், அதுபோதாது என்று இயேசு சொல்லவில்லை. மார்த்தாளுக்கு வீடு இருந்தது, அங்கே போய்ச் சாப்பிட்டார்.

இன்னொரு ஆபத்து, ஜெபக்கூட்டத்தில் அறிமுகமான நல்ல மனிதர் சொல்கிற முதலீடு. மாதம் 10 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். வங்கி வைப்புக்கு ஆண்டுக்கு 6, 7 சதவீதம் கிடைக்கிற காலத்தில் இதை எந்தத் தொழிலாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. பின்னால் வருகிறவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், புது ஆள் வருவது நின்றதும் எல்லாம் நின்றுவிடும். "ஐசுவரியவானாகிறதற்குத் தீவிரிக்கிறவன் ஆக்கினைக்குத் தப்பான்" என்ற நீதிமொழியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்து, அடகுச் சீட்டை வீட்டில் ஒளித்து இதில் போட்டவர்கள் எத்தனையோ பேர். யோசுவா 7-இல், கொள்ளைப்பொருளைத் திருடிப் பிடிபட்ட ஆகான் சொன்னதைப் பாருங்கள்: ஒரு பாபிலோனியச் சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் எடையுள்ள பொன்பாளம், கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன், கூடாரத்துக்குள் புதைத்தேன். கடைசியில் அது எப்போதும் ஒரு ஒளிவிடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆகவே வாழ்க்கைத்துணைக்குத் தெரியாத கடனோ கணக்கோ ஒன்றும் வேண்டாம். வெளியே ஒருவரிடம், போதகரோ குருவோ நம்பிக்கையான மூத்தவரோ, வருஷத்துக்கு இருமுறை உங்கள் வரவு செலவை முழுவதுமாகத் திறந்து காட்டுங்கள். கத்தோலிக்கர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் இந்தப் பாவத்தைத் தொகையோடு சொல்லலாம். "ஆசைப்பட்டேன்" என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டு வந்தால் பாரம் அப்படியே இருக்கும்.

மனை வாங்கினவரைப் பார்த்து வரும் வயிற்றெரிச்சலுக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். புது வீட்டுப் பிரதிஷ்டைக்குக் கூப்பிட்டால் போங்கள், கையைப் பிடித்து அந்த வீட்டுக்காக வாய்விட்டு ஜெபியுங்கள். "செண்ட் என்ன விலைக்கு முடிந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடுதான் ஒப்பீடு வீட்டுக்குக் கூடவே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தங்க விலை, பங்கு விலை, மனை விளம்பரம் எதையும் பார்ப்பதில்லை, எதையும் வாங்குவதில்லை என்று வையுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள, அவசரமில்லாத எதையும் நோட்டில் எழுதி முப்பது நாள் விடுங்கள். பாதிக்குமேல் தானாக உதிர்ந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. உண்மையிலேயே வீட்டில் ஒன்றும் இல்லாதவர் இதை வாசிக்கலாம். நாள் கூலிக்குப் போகிறவருடைய பயம் பொருளாசை ஆகாது. அவரிடம் "காகங்களைக் கவனித்துப்பாருங்கள்" என்று வசனம் மட்டும் சொல்லி அனுப்புவதை, "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி ஒன்றும் கொடாமல் அனுப்புவது என்று யாக்கோபு கண்டிக்கிறார். கவலைப்படாதே என்று இயேசு சொன்னது தனித்தனி ஆட்களுக்கு இல்லை, "பயப்படாதே சிறுமந்தையே" என்று ஒரு மந்தைக்கு. அடுத்த வசனமே, உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சை கொடுங்கள் என்பது. மந்தைக்குள் ஒருவருடைய களஞ்சியம் திறக்கும்போதுதான் இன்னொருவருடைய கவலை தீருகிறது. அவருக்கு இல்லாத படி உங்கள் வீட்டில் இருக்கலாம்.

அதனால் தங்கச்சியிடம் வருகிறேன். நோட்டு, படி, பீரோ எல்லாவற்றையும் செய்துவிட்டு இதை விட்டுவைத்தால் தூக்கம் வராது. சட்டம் முதலில். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அம்மா இருந்து, பிள்ளைகள் நீங்கள் இருவர் மட்டும் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அம்மா அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் பாதிக்குப் பாதி. "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே" என்ற வாதத்துக்கு அந்தச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு நேராகப் பதில் சொல்கிறது: தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது. முன்பு திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிப் பக்கம் இன்னொரு பழைய நினைப்பு உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்றது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல், 1951 முதலே அது செல்லாது என்று தீர்த்துவிட்டது. இதெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே, செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று தகப்பன் பங்கைக் கேட்டபோது, அவர்கள் "பேசுகிறது சரிதான்" என்று கர்த்தர் சொன்னது எண்ணாகமம் 27-இல் இருக்கிறது.

மூலப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ் நான்கையும் எடுத்து வையுங்கள். மதிப்பை அரசு வழிகாட்டி விலையில் போடாதீர்கள், இன்று வெளியில் விற்றால் என்ன வருமோ அதில் போடுங்கள். குறைந்த விலையில் பங்கு பிரித்து நிலத்தை நீங்கள் வைத்துக்கொள்வதும் ஏமாற்றுதான். அப்பா இறந்ததிலிருந்து வாடகையோ விளைச்சலோ நீங்கள் வாங்கியிருந்தால் அதிலும் அவள் பங்கைக் கணக்குப் போடுங்கள். லேவியராகமம் 6, பிறர் உடைமையைப் பிடித்து வைத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. சகேயு நாலு மடங்கு என்றான். போனில் சொல்லாமல் அவள் வீட்டுக்கே போங்கள், நகல்களைக் கையில் கொடுங்கள், அவள் கணவர் முன்னிலையில் தொகையைச் சொல்லுங்கள், இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு மன்னிப்பும் கேளுங்கள்.

"எனக்கு வேண்டாம் அண்ணா, நீயே வைத்துக்கொள்" என்று அவள் சொல்லக்கூடும். உடனே, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். அண்ணன் மனம் கோணக்கூடாது, பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக்கூடாது என்ற பயத்தில் வருகிற சொல்லாகவும் அது இருக்கலாம். பங்கு முதலில் அவள் பெயருக்குப் பதிவாகட்டும், பத்திரம் அவள் பீரோவுக்குள் போகட்டும். அதன் பிறகு அதை என்ன செய்கிறாள் என்பது அவள் பாடு.